காய்ச்சல் நின்றுவிட்டது என்றார் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வயிற்றில் வளரும் உயிரும் மருமகனும் குறைவின்றி இருக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுதல். இங்குள்ள நலத்தை வழக்கம்போல் ஒரு வரியில் எழுதிக் கடக்க இயலவில்லை. உன் அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். தொலைபேசியில் சொல்லியிருப்பேன், ஆனால் மேடையில் முழங்கிப் பழகிய என் குரலை இன்று நானே நம்பவில்லை.

ஒலிபெருக்கி கட்டப் போன ஒரு கூட்டத்தில், தும்மித் தும்மிப் பேசிய ஒருவரின் ஒலிவாங்கியை அப்பா தம் துண்டால் துடைத்தார், அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்தது காய்ச்சல், எலும்பை முறிக்கும் உடல்வலி. மருத்துவரிடம் போகலாம் என்றால், "உன் பேச்சையே தாங்குன உடம்பு, இதைத் தாங்காதா" என்று சிரித்தார். மாடி வீட்டுத் தையற்காரரும் "வெறும் சளிதாங்க, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றார். காய்ச்சல் நின்றது. நின்றதும் என் அடுத்த கூட்டத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தோளில் தூக்கிவிட்டார். தம் இருமல் ஒலிவாங்கியில் விழக்கூடாதென்று மேடைக்கருகில் நில்லாமல் வண்டியின் மறைவில் போய் நின்றிருக்கிறார். நான் பேசி முடித்து இறங்கியபோது அங்கே உடம்பு மறுபடி கொதிக்க, உதடு நீலம் பாய்ந்து, மூச்சுக்குத் திணறியபடி அமர்ந்திருந்தார்.

இது இன்ஃபுளுவென்சா என்றார் மருத்துவர். நின்ற காய்ச்சல் திரும்பி வந்து மூச்சும் வாங்கினால் நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று பொருளாம். "ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும்மா. இப்பவும் குடுக்கிறோம், நுரையீரலுக்குத் தனியா ஊசியும் போடுறோம், பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" என்ற சொல்லே என்னை உலுக்குகிறது மகளே. முகத்தில் உயிர்வளிக் கவசத்தோடு கிடக்கிறார். நான் ஏதோ கேட்கப் போனால் செவிலியர், "மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க, இது மேடை இல்லம்மா, மெதுவாப் பேசுங்க" என்கிறார்.

நீ புறப்பட்டு வராதே. வா என்றுதான் என் நெஞ்சு கதறுகிறது, ஆயினும் வராதே. கருவுற்றவர்களை இந்நோய் கடுமையாகத் தாக்கும், காய்ச்சல் வெளிப்படும் முன்பே அடுத்தவரைத் தொற்றிவிடும் என்கிறார்கள். உன் மருத்துவரிடம் கேட்டு உடனே தடுப்பூசி போட்டுக்கொள். உடம்பு சுட்டால் அன்றே போய்க் காட்டு, விடியட்டும் என்று இராதே. வீட்டில் யார் இருமினாலும் தனித்துண்டு, தனியறை, சோப்பிட்டுக் கைகழுவல்.

"புள்ளைகிட்ட சொல்லிடாதே, கிளம்பி வந்துடுவா" என்று அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். இக்கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, அவர் காதருகே தொலைபேசியை வைப்பேன். ஒன்றும் அறியாதவள் போலப் பேசு, அழாதே. மறுமொழியை எதிர்பாராமல் நீயே பேசிக்கொண்டிரு. அவருக்கு மூச்சுப் போதாது.

நீங்கள் மூவரும் நெடிது வாழ வாழ்த்தும்,
உன் அம்மா