அண்ணன் பேரில் என் வண்டி

ஜூன் 9, திங்கள்

விடியற்காலை முதல் மழை. ஏழு மணிக்கு விட்டது. செயின் முழுக்கச் சேறு. பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் குத்தவைத்தேன். அம்மை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒருத்தனெ கெட்டி அவனுக்க சட்டையெ இப்பிடி தேச்சியானா நான் நிம்மதியா கண்ணடைப்பேன்" என்றாள்.  முப்பத்தேழு வயதில் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் செயின் காய்ந்துவிடும்.

எட்டரைக்கு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பினேன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை மூன்றாம் கியரைத் தாண்டவே இல்லை. லாரி, ஸ்கூல் பஸ், மறுபடி லாரி. அறுநூற்றைம்பது சிசி வண்டியை வைத்துக்கொண்டு ஆட்டோவின் புகையைக் குடித்தபடி ஊர்கிறேன். முன்னால் மறைப்பு ஒன்றும் இல்லாத வண்டி. காற்றும் சேற்றுத் தண்ணீரும் நேராக நெஞ்சுக்கு, இன்ஜின் சூடு நேராகத் தொடைக்கு. எனக்கு இரண்டுமே பிடிக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இன்றைய கேள்விகள்:
பெட்ரோல் பம்ப் — "சேட்டன் எவிடெ?" சேட்டன் இல்லை. நான்தான்.
ஆஸ்பத்திரி வாட்ச்மேன் — கால் தரையில் எட்டுமா? எட்டும். பெருவிரல் மட்டும்.
லேபில் ரத்தம் கொடுக்க வந்த பெரியவர், மேசைமேல் ஹெல்மெட்டைப் பார்த்து — "மக்களே, நீ போலீஸா?" ஆமாம் என்றேன். கையை மடக்காமல் நீட்டினார்.

வாங்க: செயின் ஸ்ப்ரே, அம்மைக்குப் பிரஷர் மாத்திரை, சாளை மீன்.

ஜூன் 11, புதன்

மேகம். அமரவிளையில் வண்டிச் சோதனை. தமிழ்நாட்டு நம்பர், அதனால் ஓரம் கட்டச் சொன்னார்கள்.

இதை எழுதி வைக்கிறேன், எனக்கே ஒரு நாள் மறந்துபோகும். வண்டி என் பணம். மஸ்கட்டில் ஒன்பது வருஷம் லேபில் நின்று ஊரார் ரத்தம் எடுத்த பணம். பேர் மட்டும் ராஜன் அண்ணனுடையது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மைனியின் பிறந்த வீட்டில் இருக்கிறான். அங்கே வரி குறைவு. இங்கே கேரளாவில் பெரிய வண்டிக்கு வரியைக் கேட்டால் தலை சுற்றும். எல்லையில் இருக்கிறவர்கள் செய்கிற வேலைதான். எங்கள் தெருவில் நிற்கிற பாதி வண்டி அந்தப் பக்கத்து மச்சான் பேரிலோ சித்தப்பன் பேரிலோதான். அண்ணன் தயங்கினான். "வேண்டாம் மக்கா, பின்னால வல்ல பிரச்சினையும் வரும்" என்றான். நான் பெரிய புத்திசாலி அல்லவா! நான்தான் அவனை ஷோரூமுக்கு இழுத்துப்போய்க் கையெழுத்துப் போட வைத்தேன். டெலிவரி போட்டோவில் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன். போட்டோ எடுத்தது நான்.

"வண்டி ஆருடேதா?" என்றார் ஆபீசர்.

"என்றெ."

"ஆர்.சி.யில் ராஜன் எந்நாணல்லோ. நீயாணோ ராஜன்?"

பக்கத்தில் நின்ற லாரிக்காரன் சிரித்தான். அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அண்ணன் எடுத்ததும், "என்றெ வண்டியாணு சாறே. அனியத்தி சும்மா எடுத்தோண்டு போயதா" என்றான்.

விட்டுவிட்டார்கள். வேறு என்ன சொல்ல முடியும் அவனால்? அப்படித்தான் சொல்ல வேண்டும், நாங்கள் பேசி வைத்ததும் அதுதான். ஆனாலும் தங்கச்சி சும்மா எடுத்துக்கொண்டு போனாளாம். சும்மா! நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள்.

ஜூன் 14, சனி

லீவு. வெயில்! கள்ளிக்காடு வழியாக அணைக்கட்டுக்கு.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே அந்த வளைவுகள். ரோடு காய்ந்திருந்தது. மூன்றாம் கியரில் இன்ஜின் சுற்று ஆறாயிரத்தைத் தாண்டும்போது வண்டிக்குக் குரல் மாறும், அதுவரை மரியாதைக்குப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று உண்மையைப் பேச ஆரம்பித்ததுபோல. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த இருபது நிமிஷம் எனக்கு வயது இல்லை, வரன் இல்லை, பிரஷர் மாத்திரை இல்லை.

பிறகு சனியன் பிடித்தது. ஷட்டர் திறந்திருக்கிறது என்று நல்ல கூட்டம். டீக்கடை முன்னால் சரிவில் வண்டியைத் திருப்பினேன். இடது காலை ஊன்றினேன், ஊன்றிய இடத்தில் குழி. இருநூறு கிலோ. பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஓடும்போது இல்லை, நிற்கும்போது!

சேதம்: கிளட்ச் லிவர் வளைவு, கண்ணாடியில் கீறல், என் முழங்காலுக்குக் கீழே ஒரு நீலம். நாலு பேர் தூக்கிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் வீடியோ எடுத்தான். "இதொக்கெ பெண்ணுங்ஙள்க்கு பற்றிய வண்டியாணோ?" என்று ஒரு குரல். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற எந்த ஆம்பிளை அதை ஒரு தடவையாவது சாய்க்காமல் இருந்திருக்கிறான்? அவன் சாய்த்தால் வண்டி வெயிட்டு. நான் சாய்த்தால் நான் பொம்பளை.

வளைந்த லிவரோடு வீடு வரை ஓட்டி வந்தேன். விரல் வலி.

ஜூன் 15, ஞாயிறு

மழை. ஆராதனைக்கு நான் போவதற்கு முன்னால் வீடியோ போய்விட்டது. பெண்கள் பக்கம் ஒரே பரிதாபம். "கர்த்தரு காத்தாரு பிள்ளே." கர்த்தர் காத்தது சரி, குழியை வெட்டினது யாராம்?

மத்தியானம் அண்ணன் போன். ஏசப்போகிறான் என்று மனசைக் கட்டிக்கொண்டு எடுத்தேன். ஏசவே இல்லை.

"லிவரு வளஞ்சுதா? கையில வல்லதும் பட்டுதா?"

"இல்ல அண்ணா."

"மார்த்தாண்டத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் உண்டு. நாளெ வாறேன். நானே கொண்டு போயி சரியாக்கித் தாறேன். நீ லீவொண்ணும் எடுக்காண்டாம்."

போனை வைத்த பிறகு கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு. வீட்டில் ஒரு ஆளாவது வண்டியைச் சரியாக்கலாம் என்று சொன்னதே. புதன்கிழமை எழுதினதை அடிக்கலாமா என்று யோசித்தேன். மழையில் கரன்ட் போனது, விட்டுவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

அண்ணன் ஏழு மணிக்கே வந்துவிட்டான். புட்டும் பயறும் சாப்பிட்டான். "ரெண்டு சாவியும் தா, லாக்கு இறுக்கமா கெடக்கு, அதையும் பாக்கச் சொல்லுதேன்" என்றான். கொடுத்தேன். இரண்டாம் கியரிலிருந்து நியூட்ரல் விழ அடம்பிடிக்கும், முன் பிரேக்கைப் பதமாகப் பிடி, நனைந்த ரோட்டில் முறுக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோளைத் தூக்கிக்கொண்டு, எருமை மேல் உட்கார்ந்த மாதிரி போனான். சத்தம் மறைகிற வரை நின்று கேட்டேன். இரண்டாம் கியரிலேயே போகிறான், மடையன்.

ஜூன் 18, புதன்

பஸ். ஈரக்குடை, ஈர முதுகுகள், ஒரு காலில் நின்றபடி பயணம். அமரவிளையில் இன்றும் சோதனை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே ஆபீசர்.

காலையில் அம்மை என் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மக்களே, ஒரு நம்பரு வந்திருக்கு பாரு. ராஜன் கேக்கியான், கேஸ் கணெக்சனுக்காம்." ஓ.டி.பி.யை அவசரத்தில் வாசித்துச் சொன்னேன். நேற்று அம்மை என் ஆதார் நகலைக் கேட்டு வாங்கியதும் அதற்குத்தானாம்.

அண்ணனிடம் கேட்டேன், வண்டி எப்போது? நாளைக்கு.

ஜூன் 20, வெள்ளி

நாளைக்கு வரவில்லை. இன்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் மைனி எடுத்தாள். "அவிய குளிக்கியாவ." ஒரு மனுஷன் ஒரே நாளில் மூன்று தடவை குளிப்பானா?

அம்மை நெய்மீன் வாங்கி வறுத்திருக்கிறாள். மாதக் கடைசிக்கு நெருக்கத்தில் நெய்மீன்! என் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "தின்னு மக்களே" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். ஸ்கூட்டரில். வெளிர்நீலம், புதுசு, சீட்டில் பிளாஸ்டிக் உறை. ஹேண்டிலில் ரிப்பன். மைனியும் பின்னால். வரும் வழியில் நிறுத்திப் போதகரிடம் ஜெபமும் செய்தாயிற்றாம். சாவியை என் கையில் வைத்தான். கேரளா நம்பர்.

"முழுக்க உனக்க பேருல ஆக்கும்" என்றான். முகமெல்லாம் பெருமை.

"எனக்க வண்டி எங்கே?"

"அது குடுத்தாச்சு மக்கா. நாகர்கோவில்ல ஒரு ஆளு. நல்ல ஆளு."

 யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும், கேட்கட்டும். "நிக்கும்போ சரிஞ்சதுக்கா அண்ணா? ஓடும்போ ஒரு நாளு நான் விழுந்ததுண்டா?"

"விழுந்தா? ஏட்டி, ஆரையாவது இடிச்சா? பேரு எனக்க பேருல்லா கெடக்கு. நீ செத்தா நீ சாவ. கேசுன்னு வந்தா உள்ள கெடக்கது நானாக்கும். எனக்கும் ரெண்டு பிள்ளைய உண்டு."

"அப்போ பேரை மாத்தித் தந்திருக்கலாமே. கேட்டிருந்தா நான் வரியெக் கெட்டி மாத்தியிருப்பேனே!"

திரும்பி மைனியைப் பார்த்தான். அந்த யோசனையே அவனுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். நான் ஓட்டுவது நிற்கிறதுதான் வேண்டும் அவர்களுக்கு, யார் பேரில் என்பது இல்லை.

ஸ்கூட்டர் போக மிச்சப் பணம் காலையிலேயே என் கணக்கில் விழுந்திருக்கிறது. ஒரு பைசா குறையாமல். திருடன் என்று திட்டக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, பாவி.

அம்மையைப் பார்த்தேன். கேஸ் கணெக்சன் நம்பரும் ஆதார் நகலும் ஸ்கூட்டரை என் பேரில் பதியத்தான் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. "நீயும் தெரிஞ்சுதானா?"

"உனக்க நல்லதுக்குத்தான் மக்களே."

என் நல்லதுக்கு எல்லாரும் உண்டு. நான் மட்டும் இல்லை.

மைனி சாயா போட்டாள். அண்ணன் குடித்தான். நான் அறைக்குள் வந்து கதவடைத்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். யாரும் தட்டவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. அம்மை மட்டும். மதில் ஓரத்தில் செயின் ஸ்ப்ரே, புது டப்பா, திறக்கவே இல்லை. ஸ்கூட்டருக்குச் செயின் கிடையாது.

ஜூன் 23, திங்கள்

தூறல். பஸ் வரவில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். எடுக்க மாட்டேன் என்று இரண்டு நாள் வீராப்பு. முறுக்கினால் போகிறது, விட்டால் நிற்கிறது. கால் முழுசாகத் தரையில் பதிகிறது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பம்பில் கேட்கவில்லை. அமரவிளையில் ஆபீசர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வாட்ச்மேன் மட்டும், "இப்போ சரியாயி மேடம்" என்று சந்தோஷப்பட்டார். அடிக்கத் தோன்றியது.

மத்தியானம் லேபில் கூட்டம் குறைந்த நேரம். தெரியாத நம்பர். நாகர்கோவிலிலிருந்து. சீட்டுக்கு அடியில் ஒரு சர்வீஸ் நோட்டு கிடந்ததாம், முதல் பக்கத்தில் இந்த எண் இருந்ததாம். மரியாதையான குரல். சின்ன வயசு.

"மேடம், ரெண்டாவது கியர்லேருந்து நியூட்ரல் விழ மாட்டேங்குதே?"

"நிக்கிறதுக்கு முன்னாடியே போடுங்க. உருண்டுட்டு இருக்கும்போது."

"ஆயில் எப்ப மாத்துனது?"

சொன்னேன். டயர் காற்று எவ்வளவு, செயின் எவ்வளவு தொங்கலாம், மழையில் நனைந்தால் முதலில் எதைத் துடைக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மேடம். எதுக்குக் குடுக்கிறீங்கன்னு ஓனர்கிட்ட கேட்டேன். வீட்டுல ஒரு பொம்பளப்பிள்ளை சொன்னாக் கேக்காம எடுத்துட்டுப் போய் விழுது, பயந்துதான் குடுக்கேன்னாரு. நீங்க அவருக்கு யாரு மேடம்?"

"அந்தப் பொம்பளப்பிள்ளை."

   அவர் குரலைத் தாழ்த்தி, செயினுக்கு எந்த ஸ்ப்ரே வாங்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.