மரத்தைக் கொன்று வெட்டிய வருஷம்

அக்கா,

இன்று பீடோருக்குப் போகும் வழியில் நம் பழைய தோட்டத்து முச்சந்தியில் காரை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. அப்படி ஒரு நாற்றம். நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் எவனோ லாரி லாரியாகக் குப்பை கொட்டியிருக்கிறான். மற்ற இடமெல்லாம் ஆள் உயர லாலான் புல். ரப்பர் மரங்களைச் சாய்த்த பிறகு அங்கே யாரும் ஒரு செடிகூட நடவில்லை. விற்பனைப் பலகை மட்டும் புதிதாக இருக்கிறது.

பலகையிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவன் நம்ம தமிழ் ஆள்தான். "ஏன் தம்பி நெலத்த இப்படிப் போட்டு வச்சிருக்காங்க?" என்றேன்.

"நட்டாத்தான்ணே செலவு. சும்மா கெடந்தாலே வெல ஏறும்லா," என்று சிரித்தான். த்தூ!

ஒரு மரத்தைப் பால் வெட்டாமல் விட்டு வந்தால்கூடக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கணக்கெழுதும் கிராணியிடம் ஏச்சு வாங்கியவள் நீ. விளைச்சல் பத்தவில்லை, பத்தவில்லை என்றுதான் எப்போதும் பேச்சு. அதே மண்ணில் இன்றைக்கு ஒன்றுமே விளையாமல் இருப்பதற்குத்தான் மவுசு.

கடைசி வருஷம் மரத்தைக் கொன்று வெட்டச் சொன்னார்கள்; மரம் செத்தாலும் சரி, இருக்கிற பாலையெல்லாம் எடுத்துவிட வேண்டும். பட்டைக்கு மருந்து பூசி, மேலும் கீழும் இரண்டு வெட்டு. வாளி வழிய வழியப் பால். நாம் யாரும் பயப்படவில்லை. அப்பா காலத்திலும் கிழட்டு மரத்தை அப்படி வெட்டித்தான் சாய்த்தார்கள். அடுத்த மழைக்குப் புதுக்கன்று வைத்தார்கள். அதை நம்பி நீ அடுப்படிக்குச் சிமெண்டுத் தரை போட்டாய். "புதுக்கன்னு வந்தா ஓடையோரத்து மர நிரைய நான்தான் வெட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன்," என்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை வேறு.

கன்று வரவில்லை. நிலம் கைமாறிவிட்டது, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்ல ஆள் வந்தான்.

நீ குடிபோன ஜெலாப்பாங் அடுக்குமாடிக்கு உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நான் அந்த முதலாளியை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். நீ துணி மடித்துக்கொண்டிருப்பாய். நீ கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வாயைத் திறந்தாய்.

"அவன ஏசி என்னாடா ஆவப்போவுது? நம்மள வெளியாக்குற வேலைக்கு நம்மளையே கூலிக்கு வச்சிருக்கான். நானும் போட்டி போட்டுல்ல வெட்டுனேன். அந்த மாசம் நல்ல சம்பளம்னு கோழிக் கொழம்பு வச்சேன். நீயும் வந்து ரெண்டு தடவ போட்டுச் சாப்புட்ட."

அந்தக் குழம்பு இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை, அக்கா.