எறும்புக்குத் தெரிந்தது

ஜூன் 24, செவ்வாய்
குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இன்று எழுந்து உட்கார்ந்தேன். இருபது வருஷம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கியதற்குப் பரிசு, வயிற்றில் ஒரு சாண் தையல். கிருமி அண்டாமலிருக்க மருந்து பூசிய நூலால் தைத்தார்களாம். "நூலுக்கு மருந்து போட்டீய, எனக்கு ஒரு இட்லி போடக்கூடாதா?" என்றேன். ஜெயபிரியா டாக்டர் சிரித்தார். "நூலு ஒத்தாசைதான். தண்ணி படாம நீங்கதான் பாத்துக்கிடணும்."

ஜூன் 28, சனி
வீடு. வெளியே சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாம். சீசனின் முதல் தண்ணியை நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டான்லியை ஒரு கேன் பிடித்து வரச் சொன்னேன்.
"டாக்டரம்மா தண்ணி படக்கூடாதுன்னாவல்லா?"
"அது குழாய்த் தண்ணி. இது மூலிகைத் தண்ணில்லா! உள்ள மருந்து நூலு, மேல மூலிகை. கிருமி எங்கன நுழையும்?"
வயிற்றுக் கட்டைப் பிரித்து, துணியை அதில் நனைத்துத் தையல்மேல் ஒற்றினேன். குளுகுளுவென்று இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்
விடிந்து பார்த்தால் கட்டிலில் எறும்பு.

ஜூலை 2, புதன்
கட்டில் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். இன்று உத்தரத்திலிருந்து இறங்கியிருக்கிறது. கறுப்புக் கோடு, நேராக என் வயிற்றுக்கு. "நீ கருப்பட்டின்னு இப்பந்தான் அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஸ்டான்லி. நானும் சிரித்தேன். தையல் தனியாகத் துடித்தது.

ஜூலை 3, வியாழன்
வாடை. அருவிப் பாறைப் பாசிய மிதிச்சா வருமே, அது. என் சேலைக்குள்ள இருந்து வருது. அமுக்கினா பொதபொதங்குது. காதுக்குள்ள தண்ணி விழுற சத்தம் – காய்ச்சலா? டாக்டர்ட்ட சொன்னா கேன் கதை வெளிய வந்துரும். ஊரையே கேலி பண்ணுனவ நான், இனி ஊரு என்னயப் பண்ணும்.

ஜூலை 5, சனி
மறுபடி ஆஸ்பத்திரி. திறந்து கழுவினார்கள். நல்லவேளை, உள்தையல் பிரியவில்லையாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால்... டாக்டர் கையுறையைக் கழற்றினார். "தண்ணி பட்டுச்சா?"
"வேர்த்திருக்கும்" என்றேன்.

ஜூலை 10, வியாழன்
காய்ச்சல் இல்லை. கட்டிலில் எறும்பும் இல்லை.
ஆனால் வார்டுச் சுவரில் எறும்பு வரிசை வந்துகொண்டுதான் இருக்கிறது. என் தலைமாட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டிலுக்கு. கீழப்பாவூர் வடிவம்மாள் தூங்குகிறாள். அவளுக்கும் எனக்குச் செய்த அதே ஆபரேஷன்தான், நாலு நாளாகிறது. "எனக்கும் அந்த மருந்து நூலுதான்க்கா, பயமில்ல" என்று நேற்று சிரித்தாள். குனிந்து பார்த்தேன். அவள் கட்டிலுக்கடியில் ஒரு கேன். மூடியோரம் பாசி.

நர்ஸைக் கூப்பிட்டேன். என் கேன் கதையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.