நாகராஜன் அண்ணன் கட்டிய மெட்டு

ஜூலை 4, வியாழன்

இன்று வாட்ஸ்அப் குழுவில் பாட்டுப் போடும் முறை எனக்கு. மருந்துக்கடை திறப்பதற்கு முன்பே போட்டுவிட்டேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் தாலாட்டு. அதன் மெட்டுக்கு அப்பன் யார் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நேற்று பாத்திரம் கழுவும்போது பிடிபட்டது. வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டு வாசிக்கும் நடை மெட்டு! தாலாட்டைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பார்த்தால் சிப்பாய்கள் வரிசையாக நடக்கிறார்கள். குழந்தை எப்படித் தூங்கியதோ தெரியவில்லை.

அரக்கோணத்தில் மினிலாரி ரிப்பேர் பார்க்கும் நஜீர் அகமது உடனே எழுதினார்: “அக்கா, உங்க காதுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்துடுங்க.” மணவூர் பரந்தாமன் வழக்கம்போல “அருமை” என்று கும்பிடு போட்டார். யார் எதைப் போட்டாலும் அவருக்கு அருமைதான்.

குழு ஆரம்பித்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். ‘அப்பன் பாட்டு’ என்று பெயர் வைத்தவள் நான். பழைய பாட்டு ஒன்றைப் போட வேண்டும், அது எந்தப் பாட்டிலிருந்து பிறந்தது என்றும் சொல்ல வேண்டும். இந்தியோ, தெலுங்கோ, கீர்த்தனையோ, கடல் தாண்டி வந்த தாளமோ, அப்பன் பெயர் கட்டாயம். தெரியாதவர்கள் என்னிடம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச் ஆராதனையில் நான் வாசிக்கும் கீபோர்டின் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது. அதைத் தொடாமலே மூன்று பாட்டு வாசித்தேன். யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூலை 9, செவ்வாய்

என் சிநேகிதி கன்னியம்மாள் இன்று பள்ளிப்பட்டிலிருந்து ஒரு வாய்ஸ் நோட் போட்டாள். “எங்க காவடி கோஷ்டி ஒத்திகை. எங்கண்ணன் நாகராஜன் கட்டின மெட்டு. பாடறதுக்குள்ள போய்ட்டான். போன வருஷம் சாவு தீட்டு, மலையேறல. இந்தக் கிருத்திகைக்குத்தான் மொத தடவ பாடப்போறாங்க. எல்லாரும் கேளுங்க.”

கேட்டேன். பல்லவி முடிவதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது! எழுபதுகளில் வந்த தெலுங்குப் படம், சாராயக்கடைக் காட்சி. தேடி எடுத்து அங்கேயே போட்டேன்: “கன்னி, இதோ அப்பன். பீப்பாய் மேல ஏறி ஆடுறா பார்!” கூடவே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகள் ஒரு வரிசை.

பரந்தாமன் “அருமை” என்றார்.

ஜூலை 10, புதன்

கன்னியம்மாள் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு ஒற்றை டிக்தான் நிற்கிறது. தடுத்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கல்யாணத்துக்குப் பிறகும், போன வருடம் தவிர, ஆடிக் கிருத்திகைக்கு வரத் தவறினதில்லை. அவர்கள் கோஷ்டி எங்கள் தெரு வழியாகத்தான் முருகன் மலைக்குப் போகும். எங்கள் வாசலில் நின்று மோர் குடித்துவிட்டுத்தான் ஏறும். ‘கிறிஸ்தவ வீட்டு மோர் இறங்கினாத்தான் எங்க முருகனுக்கு அரோகரா ஏறும்’ என்று நாகராஜன் அண்ணனே சொல்வார். அவர் பாட்டைப் போய் நான்...

இன்னாத்துக்கு இந்த வாய்? இன்னாத்துக்கு இந்தக் காது? கேட்டமா, நல்லாக்கீதுன்னு சொன்னமான்னு இருந்தா இன்னா கொறஞ்சா போயிடுவேன்?

சைமனிடம் சொன்னேன். மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, “நீ நம்ம கல்யாணப் பாட்டுக்கும் அப்பன் கண்டுபிடிச்சவதான” என்றார். புருஷன் என்றால் ஆறுதல் சொல்வார்கள் என்று யார் சொன்னது?

ஜூலை 14, ஞாயிறு

ஒரு யோசனை. அவள் சாமி பாட்டை மட்டும் சந்தியில் நிறுத்தினேன் என்றுதானே கோபம்? என்னுடையதையும் நிறுத்திவிட்டேன். ஆராதனை முடிந்து வந்ததும் குழுவில் போட்டேன்: “எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் கேரல் பவனிப் பாட்டு. அப்பன்: லுங்கி அவிழ்ந்து தடுமாறும் குடிகார காமெடியன்.” இரண்டையும் கீபோர்டில் அடுத்தடுத்து வாசித்து அனுப்பினேன்.

குழு தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நஜீர், தன் வீட்டுப் பெண்கள் மருதாணி இடும்போது பாடும் பாட்டின் அப்பன் ஒரு இந்திக் கார் துரத்தல் பாட்டு என்று போட்டார். பரந்தாமன் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் எழுதினார்: “எங்க தெரு மாரியம்மன் பாட்டும் ஒரு கிளப் டான்ஸ்தான், வீட்ல சொல்லாதீங்க.” வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் தோன்றியது. இதையெல்லாம் பார்க்க வேண்டியவள் இங்கே இல்லையே.

ஜூலை 15, திங்கள்

சபைச் செயலாளர் ஜெபரத்தினம் ஐயா கடைக்கே வந்துவிட்டார். இருமல் மருந்து வாங்கும் சாக்கில்.

“இன்னாம்மா எவாஞ்சலின், சபை மானத்த வாட்ஸ்அப்புல ஏத்திகினு கீற?”

“உண்மையத்தானே ஐயா சொன்னேன்.”

“உண்மைதான், யாரு இல்லன்னது? இனிமே கிறிஸ்துமஸ்ல அந்தப் பாட்டு எடுத்தா எனக்கு லுங்கிதாம்மா ஞாபகம் வரும். எப்படி ஜெபம் பண்றது?”

கீபோர்டிலிருந்து என்னை எழுப்பிவிடுவார் என்று பயந்தேன். இருமல் மருந்துக்குத் தள்ளுபடி கேட்டதோடு விட்டுவிட்டார்.

ஜூலை 17, புதன்

நஜீர் என் பதிவை கன்னியம்மாளுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அவள் அவருக்குப் பேசி அனுப்பிய பதிலை எனக்கும் அனுப்பினார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அவ சர்ச்சுப் பாட்டு எப்படியோ போவட்டும் பாய். எங்கண்ணன் மவன் என் போன்ல அந்த ஆட்டத்த பாத்துட்டான். எங்க நைனா ரெகார்டு டான்ஸ் பாட்ட சுட்டு முருகனுக்கு வச்சிகிறாரு, இத பாடிகினு நான் மலையேற மாட்டேன்றான். கோஷ்டிக்கு அவன்தான் முன்பாட்டு. அவன் பாடலன்னா யாரும் பாட மாட்டாங்க. சொந்தப் புள்ளையே அப்பன கேவலமா நெனைக்கிறான். அதுக்கு இன்னா பண்ணப் போறா உங்கக்கா?”

மோர் போகட்டும். என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும். அந்தப் பாட்டு மலையேற வேண்டும். கிருத்திகைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

ஜூலை 18, வியாழன்

கடையில் கூட்டமில்லை. அவள் போட்ட வாய்ஸ் நோட்டை மறுபடி எடுத்துக் கேட்டேன், முழுதாக.

அன்றைக்கு நான் பல்லவி வரைக்கும்தான் கேட்டிருக்கிறேன்! அப்பனைக் கண்டுபிடித்த அவசரத்தில் பிள்ளை முகத்தைப் பார்க்காமலே ஓடியிருக்கிறேன்.

சரணம் வேறு. முற்றிலும் வேறு. சினிமாவில் சரணம் கீழே இறங்கும், ஆடுகிறவள் காதில் கிசுகிசுப்பது போல, ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சில் நீளமாக. நாகராஜன் அண்ணன் அங்கே மேலே ஏறுகிறார். வரியைப் பாதியில் நறுக்கி, மிச்சத்தைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார். முன்பாட்டுக்காரர் பாதி வரி பாடுகிறார், கூட்டம் ‘அரோகரா’வோடு மீதியை முடிக்கிறது, அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

ஏன் இப்படி என்று கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன், புரியவில்லை. எழுந்து மொட்டைமாடிப் படியில் ஏறிக்கொண்டே பாடினேன். அப்போது புரிந்தது. தோளில் காவடியோடு மலைப்படி ஏறுகிறவனால் நீள வரி பாட முடியாது. படி ஏறுகிறவனுக்காகவே கட்டிய சரணம் இது. எந்த சினிமாவிலும் இது இல்லை. நான் தேடிவிட்டேன்.

அழுகை வந்தது. பக்கத்து வீட்டு ப்ளெஸ்ஸி எட்டிப் பார்த்து, “படியில ஏறி எறங்கிகினு பாடிகினு கீறீங்களே ஆன்ட்டி, வேண்டுதலா?” என்றாள். ஆங் என்றேன். பொய்யில்லை.

ஜூலை 20, சனி

பதிவு செய்தேன். முதலில் தெலுங்குப் பாட்டு. பிறகு என் குரலில், “இதுவரைக்கும் சினிமா. இங்கிருந்து நாகராஜன்” என்று சொல்லி, கோஷ்டியின் சரணம். நறுக்கிய இடம், மூச்சு வாங்கும் இடம், நான் படி ஏறிப் பாடிப் பார்த்தது எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியில், “மெட்டை வாங்கினார், உண்மை. வாங்கியதை மலையேற வைத்தவர் அவர்” என்றேன்.

கோஷ்டி வாடகைக்கு எடுக்கும் மினிலாரி நஜீரிடம்தான் சர்வீசுக்கு வரும். அவருக்கு அனுப்பினேன்.

ஜூலை 23, செவ்வாய்

நஜீர் கூப்பிட்டார்.

“நாகராஜன் மவன்தான்க்கா வண்டி எடுத்தாந்தான். நான் வண்டிக்கடியில படுத்துகினு இருந்தேன், அவன் ஸ்டூல்ல. நீங்க அனுப்பினத ஸ்பீக்கர்ல போட்டு வுட்டேன். டான்ஸ் பாட்டு வந்ததும் எந்திரிச்சிப் போவப் பாத்தான். வண்டி சாவி என் பாக்கெட்டுல. எங்க போவான்?”

“அப்புறம்?”

“உங்க குரல் வந்திச்சி. அப்படியே உக்காந்துட்டான். படி ஏறிப் பாடினேன்னு சொன்னீங்கல்ல, அந்த எடத்துல தலைய குனிஞ்சிகினான். ‘நைனா மாடிப்படியில ஏறி எறங்கிகினு முணுமுணுத்துகினே இருப்பாரு பாய். வயசாயிடுச்சி, ஒளர்றாருன்னு நெனச்சோம்’னான்.”

“பாடறேன்னு சொன்னானா?”

“தெரியலக்கா. சாவிய வாங்கிகினு போய்ட்டான்.”

ஜூலை 28, ஞாயிறு

பரணி. தெரு முழுக்க மஞ்சள் வேட்டி. ஆந்திராக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நாளைக்கு மோருக்குத் தயிர் உறை ஊற்றினேன், எப்போதும் போடும் அளவே. சைமன் பார்த்துவிட்டு, மோர்த் தவலையைக் கழுவி வைத்தார். நல்ல மனிதர்.

ஜூலை 29, திங்கள்

கிருத்திகை. எழுத நேரமில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நேற்று காலையிலிருந்தே வாசலில் நின்றேன். எத்தனையோ கோஷ்டி போனது. பள்ளிப்பட்டு மினிலாரி தெருமுனையில் வந்து நின்றது. இறங்கினார்கள். பாடிக்கொண்டே வந்தார்கள், எல்லோரும் பாடும் வழக்கமான பாட்டு ஒன்றை. சரி, அவ்வளவுதான் என்று மோர்த் தவலையை இழுத்து வைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் அந்தப் பாட்டு முடிந்தது. மேளம் நிற்கவில்லை. நாகராஜன் மகன் காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டு பல்லவி எடுத்தான்.

அதே மெட்டு. எனக்கு ஒரு நொடி பீப்பாய்தான் கண்ணில் வந்தது, கர்த்தர் மன்னிப்பாராக. பிறகு சரணம் வந்தது. அவன் பாதி வரி கொடுத்தான். கோஷ்டி மீதியை வாங்கியது. இரண்டாவது தடவை தெருவே வாங்கியது. தெரியாத ஜனம், தெலுங்கு பேசுகிறவர்கள், எல்லோருக்கும் எங்கே வாய் திறக்க வேண்டும் என்று அந்தப் பாட்டே சொல்லிக் கொடுத்தது. நானும் அரோகரா போட்டேன். எதிர்த் தின்பண்டக் கடையில் ஜெபரத்தினம் ஐயா நின்றுகொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பார்த்தால் பார்க்கட்டும்.

நின்றார்கள். குடித்தார்கள். கன்னியம்மாளும் ஒரு டம்ளர் வாங்கினாள். என் முகத்தைப் பார்க்காமல் குடித்து முடித்து, “உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி, கோஷ்டியை லாரியில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தனியாக வந்தாள். நேராகக் கூடத்தில் உட்கார்ந்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன் கன்னி.”

“ஆங், பண்ணின. காலு வலிக்குது, சுடுதண்ணி வையி.”

வைத்தேன். காலை நனைத்துக்கொண்டே என் போனைக் காட்டினாள்.

“அந்த டான்ஸ் பாட்ட போடு.”

“எதுக்குடி இப்ப?”

“அன்னிக்கி கோவத்துல முழுசா பாக்கல. போடு.”

போட்டேன். பீப்பாய், விளக்கு, பாவாடை சுழற்றல் எல்லாவற்றையும் உதட்டைக் கடித்தபடி பார்த்தாள்.

“இது எந்த வருஷம் வந்திச்சி?”

சொன்னேன்.

“அப்ப அண்ணனுக்கு பதினேழு. எங்க ஓடியிருக்கும்?”

“தெலுங்குப் படம்னா நம்ம பக்கத்துல நகரி டாக்கீஸ்தான்.”

“அந்த வருஷம்தான்டி, தறி வேலை கத்துக்கப் போறேன்னு தெனமும் நகரிக்கு சைக்கிள்ல போய்கினு இருந்தான்!” என்றாள். “ஆடி மாசம் வந்தா வூட்ல ரேடியோவ போடவுட மாட்டான். சினிமாப் பாட்டு பாவம்னு என்ன குட்டுவான்!”

என்னால் அடக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. தண்ணீர் கூடமெல்லாம் தெறித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சரணத்த மாத்திட்டான், சரி. பல்லவிய பாரு, ஒரு இழுப்புகூட மாறல. இத்தினி வருஷம் கழிச்சி இப்படி ஞாபகம் வச்சிக்கினு இருந்தான்னா, திருட்டுப்பய, எத்தினி தடவ பாத்திருப்பான்!”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு வாட்டி போடுடி” என்றாள்.