கட்டம் எனக்கில்ல, மருந்துக்கு

மச்சான்,

தோட்டத்துச் சந்தியில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள்: ‘வீடமைப்புத் திட்டம் - முதற்கட்டம்’. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. புளத்கொகுபிட்டிய பஸ்ஸுக்கு நின்ற நான் அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கொழும்பில் டாக்டர் சிங்களத்தில் விளக்கியது நினைவிருக்கிறதா? ஈரல்வரை பரவிவிட்ட உன் புற்றுநோய்க்கு இருந்த மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. இன்னும் பரிசோதனையில் இருக்கும் புது மருந்து ஒன்று இருக்கிறது. முதற்கட்டம் என்பதால் உடம்பு எவ்வளவு தாங்கும் என்றுதான் பார்ப்பார்கள், குணமாகும் என்று வாக்குத் தர முடியாது. நீ சம்மதித்தாய். வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம், அதுதான் என் வீட்டுக்காரியிடம், “முதல் கட்டம்னு சொன்னாங்க” என்றாய். நோய்தான் முதல் கட்டம் என்று நினைத்து அவள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மாரியம்மனுக்குப் பொங்கல் வேறு நேர்ந்துவிட்டாள்.

நீயே அவளை உட்காரவைத்துச் சொன்னாய்: “கட்டம் எனக்கில்ல புள்ள, மருந்துக்கு. எனக்குக் கடைசிதான்.”

“அப்ப எதுக்குண்ணே போறீங்க? ஒங்கள வச்சு வெளையாடவா?” என்று அவள் கத்தினாள்.

“எனக்குக் கொஞ்சமாத்தான் குடுப்பாங்க. நான் தாங்கிட்டா அடுத்தாளுக்குக் கூட்டுவாங்களாம். எவ்வளவு தாங்குதுன்னு எனக்கே பாக்கணும்போல இருக்கு.”

அவள் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ போய்க்கொண்டுதான் இருந்தாய். “இத்தன வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டினேன், இப்ப என்னைய வெட்டுறாங்க” என்று ரத்தம் எடுத்த நர்ஸ் மிஸ்ஸைச் சிரிக்கவைத்தாய். மருந்தை முதலில் எலிக்குக் கொடுத்தார்கள் என்றதும், அந்த எலி என்ன ஆனது என்று டாக்டரைக் குடைந்தாய். வலியில் துடிக்கிறவனுக்கு எலிக் கவலை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது மச்சான்.

கடைசியில் பேச்சு குறைந்தபோதும், “அடுத்தாளுக்குக் கூட்டிட்டாங்களான்னு கேட்டுச் சொல்லு” என்றாய். கேட்பதற்குள் நீ போய்விட்டாய்.

கருமாதி முடிந்த பிறகு டாக்டர் கூப்பிட்டார். அவர் ஆறுதல் சொல்லி முடிக்கும் முன்பே அதைத்தான் கேட்டேன். கூட்டிவிட்டார்களாம். ஆள் யார் என்று சொல்லக்கூடாதாம். சிங்களவரோ, முஸ்லிமோ, நம்ம ஆளோ, தெரியாது. இப்போதும் கொழும்பில் மெலிந்துபோன யாரைக் கண்டாலும், “ஒங்களுக்குத் தாங்குதா?” என்று கேட்க வாய்வரை வந்துவிடுகிறது.