மூன்றாம் மாடித் தட்டச்சர்

மார்ச் 24

அன்புள்ள வாலு,

உன் முகத்தைப் பார்த்து ஆறு மாதமாகிறது. கடைசியில் டிவியிலா பார்க்க வேண்டும்? உன் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே ‘வளர்ச்சியின் எதிரி’ என்று எழுத்து ஓடியது. தலையையாவது ஒழுங்காக வாரியிருக்கக் கூடாதா நீ?

அத்தான் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “பாத்தியா, உன் தங்கச்சி குடும்பத்துக்கு வாங்கிக் குடுத்த நல்ல பேரை” என்றார். ஒழுங்குக் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து அவருக்கு அந்த ஒரே சேனல்தான். குடும்பம், மரபு, ஒழுங்கு என்று அவர்கள் கத்தக் கத்த இவருக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

போனில் பேச மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடிப்பதால் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரோ ஒட்டுக் கேட்கிறார்களாம்! உன் அரட்டையைக் கேட்பதைவிட அரசாங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?

எனக்கும் ஒரு செய்தி உண்டு. போன வாரம் என்னை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டதைக் கேட்டபடி அடிக்க வேண்டும். காதில் சரியாக விழாத இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தெளிவில்லை’ என்று போட வேண்டும். ஏதோ விசாரணை வாக்குமூலமாம். முதல் நாள் நான் அடித்ததில் ஒரு ‘தெளிவில்லை’ கூடக் கிடையாது. மேலதிகாரி என் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் பாராட்டு! உன்னிடம்தான் பீற்றிக்கொள்ள முடியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 1

பாராட்டுப் பெற்ற என் அக்காவுக்கு,

சந்தோஷம். கை வலிக்கப் போகிறது, நடுநடுவே எழுந்து நட.

டிவியில் சொல்லாததை நான் சொல்கிறேன். இங்கே பேட்டரி கம்பெனிக்குப் பின்னால் நாலு தெரு. அங்குள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கு ஞாபகமில்லை. கம்பெனி மேல் நாங்கள் போட்ட வழக்கில் அறுபத்திரண்டு வீடுகள் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்ல வந்திருக்கின்றன. மே பதினாலாம் தேதி விசாரணை. அதுவரை அந்த வீட்டுக்காரர்களின் பெயர் வெளியே போகக் கூடாது. போனால் கம்பெனி ஆட்கள் வாசலில் நிற்பார்கள். கம்பெனி முதலாளி ஒழுங்குக் கட்சியின் மாவட்டப் பொருளாளர் என்பதை அத்தானுடைய சேனல் சொல்லியதோ? சொல்லாது.

பட்டியல் எங்கள் தையல்காரரிடம் இருக்கிறது. கால்சட்டை தைப்பதில் சுமார்தான், ரகசியம் காப்பதில் கெட்டி. யார் போனையும் கேட்பதில்லை என்று அரசு வக்கீல் நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் நாங்கள் போனில் ஊர்வம்பு மட்டும்தான் பேசுகிறோம். எதிர்க் கடையில் ஒரு வெள்ளைக் கார்க்காரர் ஒரு டீயை இரண்டு மணி நேரம் குடிக்கிறார். பாவம், ஆறிப்போயிருக்கும்.

வாலு

ஏப்ரல் 8

வாலு,

நான் சொல்வதைக் கேள். ஏன், எதற்கு என்று கேட்காதே. உங்கள் பட்டியல் எங்கே இருந்தாலும் உடனே இடம் மாற்றுங்கள். உடனே என்றால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு. போனில் ஊர்வம்புகூட வேண்டாம். தையல்காரரிடமும் சொல்.

எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை.

இடது கடைவாய்ப் பல்லுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி. அது தற்காலிகம்தான். பல் டாக்டர் என்றதும் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற வயதா இது? போய்க் காட்டு.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

பத்தாம் தேதி காலை தையல்காரர் கடைக்கு ஆறு பேர் வந்தார்கள். எங்கேயும் தேடவில்லை. நேரே உள்ளே போய், காஜா எடுக்கும் மெஷினுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். அவரையும் கூட்டிப் போய்விட்டார்கள். மறுநாள் உங்கள் சேனல் அறுபத்திரண்டு பேரையும் வாசித்துக் காட்டியது, பின்னணி இசையோடு. இதுவரை நாற்பது வீடுகள் கையெழுத்தைத் திரும்பக் கேட்டுவிட்டன. அந்த அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடம் மாற்றச் சொன்ன உன் கடிதமும் அந்த மறுநாள்தான் வந்தது.

என் பல் வலியை நான் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன். தையல்காரரிடம். போனில்.

உனக்கு யார் சொன்னது?

ஏப்ரல் 20

என் வாலுக்கு,

திட்டு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. வழியில் யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

மூன்றாம் மாடியில் நான் அடிப்பது அவர்கள் சொன்னதுபோல் வாக்குமூலம் இல்லை. போன் பேச்சு. முதல் நாள் எனக்கு வந்தது ஓர் ஆண் குரல். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். “பட்டியலைப் பத்தி நீ கவலைப்படாத, காஜா மெஷினுக்கு அடியில இழுப்பறையில பத்திரமா இருக்கு” என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கமா, முற்றுப்புள்ளி சகிதம் அடித்தேன். மேலதிகாரி தூக்கிக் காட்டியது அந்தத் தாளைத்தான்.

அடுத்த வாரம் உன் குரல் வந்தது. “கடவாப் பல்லு உயிர் போகுதுங்க, டாக்டர்கிட்ட போக பயமா இருக்கு, சிரிக்காதீங்க” என்றாய். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்கப்புறம் உன் குரல் வந்த இடமெல்லாம் ‘தெளிவில்லை’ என்றே அடித்தேன். நாற்பத்தொரு இடம். “என்னம்மா, ஹெட்போன் சரியில்லையா?” என்று மேலதிகாரி புது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார்.

உன் கடிதத்தில் ‘தையல்காரர்’ என்று படித்தபோதுதான் முதல் நாள் குரல் யாருடையது என்று உறைத்தது. நாலு நாள் யோசித்தேன். அத்தான் என்ன சொல்வார், வேலை போனால் என்ன ஆகும், பக்கத்து நாற்காலிக்காரி என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். பிறகுதான் எழுதினேன். பயந்துவிட்டேன் வாலு. அவ்வளவுதான்.

உன் அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

மூன்று நாளாக உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உன் வீட்டிலிருந்து இங்கே நாலு மணி நேர பஸ். காலையில் ஏறியிருந்தால் மத்தியானம் சொல்லியிருக்கலாம். நீ தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஆபீஸ் போனாய்.

அதைக்கூட விடு. நாற்பத்தொரு இடத்தில் என் குரலை மறைத்தாயே, அதே பேச்சில் எதிர்ப்பக்கம் அவர் பேசியதை என்ன செய்தாய்? சுத்தமாக அடித்துக் கொடுத்தாய், இல்லையா? உன் தங்கை பேசும்போது மட்டும்தான் காது கேட்கவில்லை உனக்கு. நேற்று அவர் மனைவி எனக்குச் சாப்பாடு போட்டார். தட்டைப் பார்க்கவே முடியவில்லை என்னால்.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். போனை ஒட்டுக் கேட்டுத்தான் பிடித்தார்கள் என்று நிரூபித்தால் தையல்காரரை வெளியே கொண்டுவரலாம். விலகிய வீடுகளும் திரும்பி வரலாம். நிரூபிக்க இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ.

கடிதத்தில் பதில் வேண்டாம். மே மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு என் போனுக்குப் பேசு. உன் பதவி, பிரிவு, என்ன அடித்தாய், யார் கொடுத்தார்கள், எல்லாம் சொல். வக்கீல் என் பக்கத்தில் இருந்து பதிவு செய்வார். அவர்களும் பதிவு செய்வார்கள், செய்யட்டும். பிறகு பதினாலாம் தேதி கூண்டில் ஏறி அதையே சொல்ல வேண்டும்.

போன் வராவிட்டால் இனி நான் எழுத மாட்டேன். மிரட்டவில்லை. என்னால் முடியாது.

வாலு

மே 2

வாலு,

நீ கேட்டது சரி. அவர் குரலைச் சுத்தமாகத்தான் அடித்தேன். அவருக்காக ஒரு தடவைகூட மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். “ஒழுங்கா இருந்த வீடு” என்று ஆரம்பித்தார். ஒழுங்காக இருந்துதான் ஒரு மனுஷனை உள்ளே தள்ளினேன் என்றேன். இப்போது என்னோடு பேசுவதில்லை, டிவியோடு மட்டும் பேசுகிறார்.

நாளைக்குப் பேச வேண்டியதைச் சமையலறையில் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திச் சொல்லப் போகிறேன். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒரு தடவைகூடப் பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டியிருக்காது. ‘தெளிவில்லை’ என்று போட அவளுக்கு ஓர் இடமும் கொடுக்க மாட்டேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் நாளைய பேச்சு முடிந்திருக்கும். அதில் சொல்லாத ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு அது வேண்டாம். பல் டாக்டரிடம் தனியாகப் போகாதே. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. இந்தத் தடவை ஏறுகிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் தையல்காரர் வீட்டைக் காட்டிவிட்டு நீ போய்விடு. முதலில் அந்த அம்மாவைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
தட்டச்சர், மூன்றாம் மாடி
(உன் அக்கா)