ஐம்பத்து மூன்று வயதில் அமெரிக்கா

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் நான் கத்திவிடுகிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் பழகிய எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் போனேன். நாங்கள் இருந்த வீட்டு பல்கனியில் யாரோ சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா இறந்த பிறகும் விடாமல் வைத்திருந்த வீட்டை விற்றுவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் அமெரிக்காவில் சின்னம்மா யோசெப்பின் இருக்கிற ஊரில் பலகாரக் கடை திறக்கப் போனீர்கள். விற்று முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள். கோயிலில் ஆட்கள் கேட்கிறார்கள், கொம்மாவுக்கு இங்கே என்ன குறை என்று. நான் ஏதும் பிழை விட்டேனா, அம்மா?

உங்கள் மகள்,
நிலூஜா


எடிசன், நியூ ஜேர்சி
2 மார்ச் 2025

என் அன்பு மகளுக்கு,

நீ ஒரு பிழையும் விடவில்லை, பிள்ளை. எழுத்திலும் இரண்டு றகரம் தவிர எல்லாம் சரி.

என்ன குறை என்று கேட்டாய். மருத்துவமனைச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். தலைமைச் சமையற்காரி வேலைக்கு மூன்று தரம் விண்ணப்பித்தேன். மூன்றாம் தரம் நான் பழக்கிவிட்ட பெண்ணுக்கே அதைக் கொடுத்தார்கள். என் நோர்ஸ்க் மொழி இன்னும் காணாதாம். முதல் நாள் வந்து, கஞ்சிக்கு உப்பு எவ்வளவு என்று அவள் என்னைத்தான் கேட்டாள். சம்பளம் ஒழுங்காக வந்தது, ஓய்வூதியமும் வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் உனக்கும் சொல்லவில்லை.

இங்கே போன கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். என் ஆங்கிலம் நோர்ஸ்கை விட மோசம். கடைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். நான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனார், அவ்வளவுதான். அன்றிரவு அதைச் சின்னம்மாவுக்கு இரண்டு தரம் சொன்னேன். நித்திரை குறைவு, கால் வீங்குகிறது. ஆனாலும் விடிந்ததும் எழும்பி ஓடவேண்டும் போல இருக்கிறது.

அன்புடன் அம்மா,
மரியகொறற்றி


ஹொல்ம்லியா
15 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுச் சின்னம்மா தொலைபேசி எடுத்தார். "கொம்மா கொதியெண்ணெயில கையைச் சுட்டுப்போட்டா. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறா. உனக்குச் சொல்லவேண்டாமெண்டும் சொன்னவ" என்றார். கடை நாலு கிழமையாகப் பூட்டிக் கிடக்கிறதாம்.

மருத்துவக் காப்புறுதி எடுக்காமலா இருந்தீர்கள்? இங்கே என்றால் லெகெவாக்ட் அவசர சிகிச்சையில் நாலு மணித்தியாலம் காக்க வைத்தாலும், கையைப் பார்த்து மருந்து கட்டித்தான் அனுப்புவார்கள். அந்த நாட்டின் குணம் தெரிந்துதானே போனீர்கள். உழைத்தால் மேலே வரலாம் என்ற கதையை அங்கே பிறந்தவர்களே இப்போது நம்புவதில்லையாம். நீங்கள் ஏன் நம்பவேண்டும்?

இன்னொன்று. வாயால் சொல்ல வரவில்லை. எனக்கு நாலு மாதம். உங்கள் மருமகன் ஜோனாஸைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை நவம்பர் கடைசியில். வந்துவிடுங்கள், அம்மா. எங்களோடு இருங்கள்.

நிலூஜா


எடிசன்
6 ஜூலை 2025

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை நின்றபடி வாசித்து, பிறகு இருந்து வாசித்தேன். மாதா உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காக்கட்டும். ஜோனாஸைப் பாரம் தூக்கவிடு, நீ தூக்காதே.

இனி மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்தில் கார் நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று ஒஸ்லோவை நினைத்து அழுதேன். கை ஆறுவதற்குள் வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். கடையைப் பூட்டித் திறப்பைப் போன வெள்ளி கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது இங்கத்தைய கோயில் சமையலறையை வாடகைக்கு எடுத்து, ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். நாற்பது பேர். இரண்டு பெண்கள் என்னிடம் வேலைக்கு நிற்கிறார்கள். காப்புறுதியும் எடுத்துவிட்டேன். கடை வைக்கவென்று தந்த விசாவைப் புதுப்பிக்கும்போது என்ன சொல்வார்களோ தெரியாது. நீ சொல்கிற அந்தக் கதை உண்மையோ பொய்யோ, அதுவும் தெரியாது. ஒஸ்லோவில் நான் விழுந்திருக்கமாட்டேன், அது சரி. ஆனால் ஓய்வூதிய நாளை எண்ணிக்கொண்டு நின்றிருப்பேன். எனக்கு அது போதவில்லை, மகள். கோபிக்காதே.

நவம்பர் இருபதாம் திகதி வருகிறேன். மூன்று கிழமை நின்று பிள்ளையைக் குளிப்பாட்டி, உனக்குப் பத்தியக் கறி காய்ச்சித் தருவேன். டிசம்பர் பதினொன்றுக்குத் திரும்பவும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு விமான நிலையத்தில் சண்டை பிடிக்கக்கூடாது.

அம்மா


ஹொல்ம்லியா
14 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சண்டை பிடிக்கவில்லை, கண்டீர்கள்தானே.

ஜூலியா பிறந்த மூன்றாம் நாள், அவளை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே இப்போது எத்தனை மணி என்று ஜோனாஸிடம் கேட்டீர்கள். பிறகு யன்னலடிக்குப் போய், நாளைக்கு என்ன கறி என்று போனில் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. இங்கேயே நில்லுங்கள் என்று கேட்க வைத்திருந்த சொற்களை அன்றே விட்டுவிட்டேன்.

கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் எனக்குப் பிரசவ விடுமுறை இருக்கிறது. ஜூனில் மூவரும் வருகிறோம். எங்களுக்காக லீவு போடாதீர்கள். சமையலறைக்கே வருகிறோம். நீங்கள் வேலை செய்கிற இடத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அம்மா.

நிலூஜா